பூவின் பெயரை விடுங்கள், நிறத்தைப் பிடியுங்கள்

கேள்வி: இன்னும் 7 மாதத்தில் எனக்குக் கல்யாணம். குப்பை அதிகம் சேராமல், அந்தந்தப் பருவத்துப் பூக்களைக் கொண்டே அலங்காரம் செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் நான் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் எல்லாம் வெளிர் இளஞ்சிவப்புப் பியோனிதான் இருக்கிறது. நான் பேசிப் பார்த்த பூ அலங்காரக்காரர், "எந்தப் பூவையும் எந்த மாதத்திலும் வரவழைத்துவிடலாம்" என்கிறார். மாமியாராக வரப்போகிறவருக்கு இடம் முழுக்கப் பூவாக இருக்க வேண்டும். என் தோழியோ, செயற்கைப் பூவை வாடகைக்கு எடுத்தால் இந்தக் கவலையே இல்லை என்கிறாள். தூரத்திலிருந்து வரும் பூ என்றாலே தப்பா? அலங்காரக்காரரைச் சந்தேகப்படுவது போல் தெரியாமல் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் பியோனி. உங்கள் சிக்கலில் பாதி அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

பியோனி குளிரில் உறங்கி எழும் செடி. வாரக்கணக்கில் நல்ல குளிர் பட்டால்தான் ஒழுங்காக மொட்டு வைக்கும். மிதமான குளிர்நாடுகளில் வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் அந்தச் சில வாரங்கள்தான் அதன் காலம். மற்ற இடங்களில் முடிந்துபோன பிறகு, ஜூலை, ஆகஸ்டில் அலாஸ்காவில் பூக்கிறது. அந்த இடைவெளியை நம்பியே அங்கே பியோனிப் பண்ணைகள் வந்திருக்கின்றன. ஆண்டுக் கடைசியில் நியூசிலாந்திலும் சிலியிலும் பூக்கும். ஆகவே உங்கள் அலங்காரக்காரர் பொய் சொல்லவில்லை. எங்காவது ஓரிடத்தில் பூத்திருக்கும், பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றிவிடலாம்.

ஆனால் அந்தப் படத்தில் உங்களுக்குப் பிடித்தது பியோனிதானா? என்னிடம் படத்தோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பூவின் பெயரே தெரியாது என்று வைத்துக்கொண்டு, கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் இப்படி இருக்கும்: பெரிய உருண்டையான பூ, அடுக்கடுக்காக இதழ், நடுவில் இளஞ்சிவப்பு ஓரத்துக்கு வரவர வெளுத்துப்போவது, இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் கலைந்தாற்போல் இருப்பது. இவ்வளவும் பியோனிக்கு மட்டும் சொந்தமானதல்ல. கோடையின் பின்பகுதியில் டேலியா இதைத் தரும். வசந்தத்தில் ரனன்குலஸ் தரும். லிசியாந்தஸ் தரும், இதழ் நெருங்கிய தோட்டத்து ரோஜா தரும். இவை எதுவுமே கிடைக்காத வாரம் என்றால் கார்னேஷன் இருக்கிறது. மலிவான பூ என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஒரே நிறத்தில் பத்துக் கார்னேஷனைத் தலையோடு தலை நெருக்கி வைத்துப் பாருங்கள், ஓரம் சுருள்சுருளாக ஒரு பெரிய பூ போலவே இருக்கும். நாள் முழுக்கத் தலை தொங்காது. என்னைக் கேட்டால், பூக்களிலேயே அநியாயமாக மட்டம் தட்டப்பட்டது அதுதான்.

ஆகவே அலங்காரக்காரரிடம் பூப் பட்டியல் கொண்டுபோகாதீர்கள். நிறம், பூவின் அளவு, அலங்காரம் இறுக்கமாகவா தளர்வாகவா, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்ற நான்கையும் கறாராகச் சொல்லுங்கள். எந்தப் பூ என்பதை அந்த வாரம் முடிவு செய்யட்டும்.

தூரத்துப் பூ தப்பா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. 2007இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். 12,000 ரோஜாக்களைக் கென்யாவில் வளர்த்து விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 6 டன் கார்பன் டை ஆக்சைடு. அதே எண்ணிக்கையைப் பக்கத்திலுள்ள நெதர்லாந்தில் வளர்த்துக் கொண்டுவந்தால் சுமார் 35 டன். காரணம் எளிது: கென்யாவில் வெயில் இலவசம். நெதர்லாந்தில் கண்ணாடிக் கூடத்தைச் சூடாக்கவும் வெளிச்சம் போடவும் எரிபொருள் எரிய வேண்டும். இதை வைத்து விமானத்தில் வரும் பூ நல்ல பூ என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில், திறந்த வெளியில், தன் காலத்தில் தானாகப் பூத்த பூவுக்கு முன்னால் இரண்டுமே நிற்காது. எங்கிருந்து வருகிறது என்று கேட்கும்போது, எப்படி வளர்ந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். தூரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும் என்றால், தொழிலாளர் நலனையும் சுற்றுச்சூழலையும் பார்த்துக் கொடுக்கும் ஃபேர்ட்ரேட், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்று பெற்ற பண்ணைப் பூ கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லலாம்.

கடையில் ஆண்டு முழுக்கக் கிடைப்பதால் ஒரு பூவுக்குப் பருவமே இல்லை என்று ஆகிவிடாது. சாமந்தியைப் பாருங்கள். பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அது இயல்பாக மொட்டு வைக்கும். எல்லா மாதமும் வேண்டும் என்றால் பண்ணைக்காரர் கறுப்புத் திரை போட்டு இரவை நீட்டுகிறார், அல்லது விளக்குப் போட்டு மொட்டைத் தள்ளிப்போடுகிறார். வெயில் நாடுகளில் குளிருக்குப் பதில் மழையும் வறட்சியும் பருவத்தைத் தீர்மானிக்கும். எந்த ஊராக இருந்தாலும் நம்பகமான பட்டியல் ஒன்றுதான்: உங்கள் கல்யாணத் தேதி விழும் அதே வாரத்தில், போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் அந்த அலங்காரக்காரர் உள்ளூர் விவசாயிகளிடமிருந்து என்னென்ன வாங்கினார் என்பது. பழைய பில்லோ போன் படமோ அவரிடம் கட்டாயம் இருக்கும்.

7 மாதம் என்பது நல்ல அவகாசம். சின்னப் பூந்தோட்டக்காரர் யாராவது அவருக்குத் தெரிந்திருந்தால் உங்கள் தேதிக்கென்றே விதைக்கச் சொல்லலாம். பருவம் இடம் கொடுத்தால் ஜினியா விதைத்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பூத்துவிடும். டேலியாவுக்குக் கிழங்கு நட்டு மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். பூவின் பெயர்ப் பட்டியலை இப்போதே இறுதி செய்யாதீர்கள். கல்யாணத்துக்கு இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போது செய்தால் போதும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் இப்போதே எழுதி வாங்குங்கள்: சொன்ன பூ வரவில்லை என்றால் என்ன செய்வார்? "கிடைக்கும் மாற்றுப் பூ" என்று பொதுவாக எழுதினால், கடைசி நேரத்தில் விமானத்தில் வந்ததோ சாயம் ஏற்றியதோ வந்து நிற்கும். "இந்த நிறங்களுக்குள், உள்ளூரில் கிடைப்பது, சாயம் ஏற்றாதது" என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம் நேரம். பருவத்துப் பூ பலவும் நீண்ட பயணத்துக்காக வளர்க்கப்பட்டதல்ல. அதனால் பூவைப் பார்த்து இடம் ஒதுக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியா தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றால் துவண்டுவிடும், அதைக் குவளையில் மட்டும் வையுங்கள். இனிப்புப் பட்டாணிப் பூவும் அப்படித்தான். தலையில் வைப்பதற்கும் சட்டையில் குத்துவதற்கும் தண்ணீரில்லாமல் தாங்கும் பூ வேண்டும்: கார்னேஷன், சாமந்தி, சம்பங்கி, ஆர்க்கிட். வாடாமல்லியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காய்ந்த பிறகும் நிறம் போகாது. லில்லி வைப்பதானால் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டார்களா என்று பாருங்கள். அந்தப் பொடி துணியில் பட்டால் லேசில் போகாது.

முந்தின நாள் பூ வந்து இறங்கும்போது வீட்டிலிருந்து ஒருவர் போய்ப் பார்ப்பது நல்லது. ரோஜாவை இதழ்களுக்குக் கீழே, தண்டோடு சேரும் இடத்தில் இரு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதிது, அமுங்கினால் பழையது. டேலியாவைத் திருப்பிப் பின்பக்க இதழ்களைப் பாருங்கள், வயசு அங்கேதான் முதலில் தெரியும். முன்னால் பளபளப்பாக இருந்தாலும் பின்னால் காகிதம் போல் சருகாகியிருந்தால் மறுநாள் தாங்காது. டேலியா வெட்டிய பிறகு பெரிதாக மலராது என்பதால் மொட்டாக வாங்கிவிட்டு மலரும் என்று காத்திருக்கவும் முடியாது. சம்பங்கி அப்படியல்ல, கீழிருந்து மேலாக மலர்ந்துகொண்டே போகும். அடியில் இரண்டு, மூன்று பூ விரிந்த தண்டு கிடைத்தால் மறுநாளுக்குச் சரியாக இருக்கும். வந்த பூவெல்லாம் தண்ணீருக்குள் இருக்கும் இலைகளைக் கிள்ளி, தண்டைச் சாய்வாக வெட்டி, சுத்தமான வாளியில் இரவு முழுக்கக் குளிர்ந்த இடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த அறையில் பழக்கூடை இருக்கக் கூடாது. பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும், கார்னேஷனை முதலில் கவிழ்க்கும். கல்யாண இடங்களில் பூ வாளியையும் பழத்தையும் ஒரே குளிர் அறையில் வைத்துவிடுவது சகஜம், அதனால் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒரு விஷயம். பூ எந்த நாட்டிலிருந்து வந்தது என்று யோசிக்கிறவர்கள்கூட, அதைக் குத்தி நிறுத்தியிருக்கும் பச்சை ஸ்பாஞ்சைக் கவனிப்பதில்லை. ஃப்ளோரல் ஃபோம், ஓயாசிஸ் என்று பல பெயரில் சொல்வார்கள். 1954இல் அமெரிக்காவில் வந்த சரக்கு. தண்ணீரில் போட்டால் ஊறிக்கொள்ளும், எந்தக் கோணத்தில் குத்தினாலும் பூ நிற்கும், வேலை சீக்கிரம் முடியும். அலங்காரக்காரருக்கு அதில் ஆசை இருப்பது நியாயம்தான். ஆனால் அது ஃபீனால், ஃபார்மால்டிஹைடு பிசினால் செய்த பிளாஸ்டிக். ஒருமுறை குத்திய இடத்தில் மறுமுறை பூ நிற்காது என்பதால் ஒரே நாளில் குப்பை. விரலால் அழுத்தினால் பொடிந்து தூளாகும், அந்தத் தூள் வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தத் தூளை நன்னீரிலும் கடலிலும் வாழும் சிறு உயிர்கள் தின்பதையும், அதிலிருந்து கசியும் ரசாயனங்கள் அவற்றுக்குத் தீங்கு செய்வதையும் காட்டினார்கள். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021இலிருந்து தன் மலர்க் காட்சிகளில் இதைத் தடை செய்துவிட்டது. மக்கும் ஸ்பாஞ்ச் என்று ஒன்றைக் காட்டினால், எங்கே, எத்தனை நாளில் மக்கும் என்று கேளுங்கள். பல வகை, குப்பைமேட்டின் தனிச் சூழலில் மட்டுமே மக்கும் என்ற கணக்கில் விற்கப்படுபவை.

இதற்கு மாற்று ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கோழிவலை போதும். இரண்டு விரல் நுழையும் அளவு கண்ணுள்ள வலையை ஒரு முழம் வெட்டி, தளர்வான பந்தாகச் சுருட்டிக் கிண்ணத்துக்குள் அழுத்தி, வாயின் குறுக்கே இரண்டு கட்டுப் போட்டுவிட வேண்டும். தண்டு மேல் கண்ணில் நுழைந்து கீழ்க் கண்ணில் போய்ச் சிக்கும், எப்படிச் சாய்த்தாலும் அங்கேயே நிற்கும். கிண்ணம் நிறையத் தண்ணீர் இருப்பதால் பூவும் அதிக நேரம் நிற்கும். வேலை முடிந்ததும் வலையைக் கழுவிக் காயவைத்தால் அடுத்த கல்யாணத்துக்கு ஆகும். தாழ்வான கிண்ணத்துக்கு, ஜப்பானியர்கள் கென்சான் என்று சொல்லும் முள் தட்டு இன்னும் நல்லது. வளைவு அலங்காரத்துக்கு மட்டும் மெனக்கெட வேண்டும்: தண்டு தண்டாகத் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாயில் செருகிக் கட்டுவது, அல்லது வேரோடு உள்ள தொட்டிக் கொடிகளைக் கீழே வைத்து ஏற்றிவிடுவது. ஸ்பாஞ்ச் இல்லாமல் செய்யத் தெரிந்தவர் என்றால் உடனே எந்த முறையில் செய்வேன் என்று சொல்லிவிடுவார். நேரம் கூடுதலாகும், கூலியும் கூடுதலாகக் கேட்பார். அது நியாயமான கூலி, அதில் பேரம் பேசாதீர்கள்.

மாமியாரிடம் "குறைவாக வைக்கலாம் அத்தை" என்று ஆரம்பிக்காதீர்கள், அங்கேயே பேச்சு முடிந்துவிடும். "எங்கே நிறைய வைக்கலாம் அத்தை" என்று கேளுங்கள். வந்தவர்கள் கண் தங்கும் இடங்கள் கொஞ்சம்தான்: நுழைவாயில், நீங்கள் இருவரும் நிற்கும் இடம், சாப்பிட உட்காரும் மேசை. அந்த மூன்றிலும் தாராளமாக வையுங்கள். தூண், சுவர், கூரை, யாரும் திரும்பிப் பார்க்காத நடைவழி ஆகியவற்றை இலையும் கிளையும் தொட்டிச் செடியும் பார்த்துக்கொள்ளும். வாடகைத் தொட்டிகள் மறுநாள் திரும்பிப் போய்விடும். காலையில் சடங்குக்கு வைத்ததை மாலை வரவேற்புக்கு நகர்த்தலாம், அதற்குத் தூக்கக்கூடிய அடித்தட்டில் செய்யச் சொல்ல வேண்டும். யார் தூக்குவார்கள் என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கும். மேசைப் பூ 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது மெல்லிய தண்டின் மேல் 60க்கு மேலே போகட்டும். நடுவில் நின்றால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது.

தோழி சொன்ன செயற்கைப் பூ பெரும்பாலும் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்கும்தான். ஒருமுறைக்காக வாங்கினால் அதைவிட மோசமான தேர்வு இல்லை. ஏற்கெனவே பல கல்யாணம் பார்த்த வாடகைப் பூவை, கிட்டே வந்து பார்க்க முடியாத உயரத்தில் மட்டும் வைப்பதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையில் பிடிக்கும் செண்டில் வேண்டாம், கிட்டத்தில் பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உலர்பூவில் வெள்ளைவெளேர் என்று இருப்பது ரசாயனத்தில் வெளுத்தது. பம்பாஸ் புல் வேண்டும் என்றால் விதையைக் கவனியுங்கள். அது காற்றில் பறந்து, பல நாடுகளில் மற்ற செடிகளை அமுக்கும் களையாகியிருக்கிறது.

இன்னொன்று. அலங்காரப் பூவைச் சாப்பிடும் பண்டத்தின் மேல் வைக்க விடாதீர்கள். பெல்ஜியத்தில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரோஜா, ஜெர்பரா, சாமந்திச் செண்டுகள் 90ஐச் சோதித்ததில் மொத்தம் 107 வகைப் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மூலப்பொருள்கள் அகப்பட்டன. அவை சாப்பிடுவதற்காக வளர்த்தவை அல்ல. உண்ணக்கூடிய பூவைத் தனியாக, அதற்கென்று வளர்ப்பவரிடம் வாங்குங்கள்.

முடிந்த பிறகு யார் பிரிப்பது என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். பிளாஸ்டிக் ரிப்பன், கம்பி, குண்டூசி, ஜிகினா எல்லாம் பூவோடு சேர்ந்தே போனால் அது உரமாகாது, குப்பைமேட்டுக்குத்தான் போகும். சணல் கயிற்றிலும் பருத்தி நாடாவிலும் கட்டினால் அப்படியே உரக்குழியில் போடலாம். கட்டும்போதே இதை முடிவு செய்தால்தான் உண்டு, நள்ளிரவில் யாரும் கம்பி பிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நன்றாக இருக்கும் பூவை மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுக்க நினைத்தால் முன்னாடியே கேட்டுவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பொதுவாகப் பூவை அனுமதிப்பதில்லை, பல இடங்களில் இரவு வாங்கி வைக்க ஆளும் இருக்காது.

கடைசியாக, சந்தேகப்படுவது போல் தெரியாமல் கேட்பது. "இது எங்கிருந்து வருகிறது, நிஜமாகவா?" என்று கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். "அந்த வாரத்தில் உங்களுக்குப் பிடித்த உள்ளூர்ப் பூ எது? அதை வைத்து இந்த நிறத்தில் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். தொழிலில் ஆசை உள்ளவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், யாரும் அதிகம் கேட்பதில்லை. கூடவே தேதி, இடத்தில் எந்த நேரத்துக்கு வெயில் எங்கே விழும், தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்ற விவரங்களையும் எழுதிக் கொண்டுபோங்கள். "விவசாயிகளிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் வந்தால் அவரையே அமர்த்திக்கொள்ளுங்கள். மறுபடியும் "எல்லாம் கிடைக்கும்" என்றே சொன்னால், மனஸ்தாபம் இல்லாமல் இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போதே தொடங்கினால் அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.